தேர்ந்தெடுக்கக் கற்ற பிள்ளைகள்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம்மவர் வாய்மொழி. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பதும் நம்மவர் வாய்மொழியே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டமையால், இரண்டும் ஒரே பொருளைத் தருவதாக எண்ணிக்கொள்கிறோம். சற்றே நின்று நோக்கினால், அவை எதிரெதிர்த் திசையில் நடப்பது புலனாகும். பயிரின் இயல்பு முளையிலேயே அடங்கியுள்ளது, உழவன் செய்ய வேண்டுவது அதைக் கூர்ந்து பார்ப்பதும் காப்பதுமே என்கிறது முன்னது. வளைப்பவன் கை வேண்டும், அதுவும் காலத்தே வேண்டும் என்கிறது பின்னது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் பெற்றோர், இவ்விரு பழமொழிகளுள் எதனை நம்பிச் சேர்க்கின்றனர்?

மாண்டிசோரிக் கல்வியைப் பற்றிப் பேசும்போது இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. நம் நகரங்களிலும் பேரூர்களிலும் அப்பெயர் தாங்கிய பலகைகள் இன்று பலவாகிவிட்டன. மாண்டிசோரிப் பள்ளியில் படித்தவர்கள் என்று கணினி உலகின் பெருஞ்செல்வர் சிலரின் பெயர்களை விளம்பரங்கள் எடுத்துக்காட்டுகின்றன. “இங்குப் பயின்றோர் இவ்வாறு ஆயினர்; உங்கள் பிள்ளையும் ஆவான்” என்பது அவற்றின் உட்பொருள். பங்கில் நம்மைக் காணவரும் இளம் பெற்றோரும் இதையே வினவுகின்றனர்: “சாமி, அந்தப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பிற்காலத்தில் என்னவாக வருவான்?”

இவ்வினாவை இலக்கியத்தின் துணைகொண்டு ஆராய விழைகிறோம். மாண்டிசோரிப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற இருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்துள்ளனர். ஒருவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்; மற்றவர் கொலம்பிய நாவலாசிரியர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ். தொடக்கப் பள்ளி ஒன்று மாணவரின் பிற்கால நாட்டங்களில் எவ்வளவு தூரம் நுழைகிறது என்பதற்கு அவ்விருவர் எழுத்தும் நல்ல சாட்சியங்கள். எனினும் சாட்சியைக் கேட்குமுன் வழக்கு இன்னதென்று அறிய வேண்டுமன்றோ?

அம்மையார் சொன்னது

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர், கத்தோலிக்கர். 1907 ஜனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் தொடங்கினார். அங்கு ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாய் இருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவளோ நிமிரவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதே செயலைச் செய்து முடித்து, நல்ல உறக்கத்தினின்று எழுந்தவள்போல் முகமலர்ந்தாள். அம்மையாரின் கல்விக் கொள்கை முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அவ்வுருளைகளில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் உருளையைத் தனக்குரியதல்லாத குழியில் இட்டால், இறுதியில் எஞ்சும் உருளை எஞ்சும் குழிக்குப் பொருந்தாது. பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டுவதில்லை, கட்டையே சுட்டிவிடும். பிள்ளை தன் பிழையைத் தானே கண்டு, தானே திருத்திக்கொள்ளும். தானே தேர்ந்த வேலை, இடையூறற்ற கவனம், தன்னாலேயே திருத்தப்படும் பிழை என்னும் இம்மூன்றுமே மாண்டிசோரி முறையின் முதுகெலும்பு.

பிற்கால நாட்டங்களைப் பற்றி அம்மையார் என்ன கருதினார் என்பதற்கு நம் மண்ணில் அச்சான நூலொன்றே சான்று பகர்கிறது. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் அவர் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் இந்தியாவில் இருவரும் பகைநாட்டுக் குடிமக்களாயினர். காவல் முகாமில் அடைக்கப்பட்ட மகன், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். எனினும் 1946 வரை அவர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. அவ்விடைக்காலத்தில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குரிய கல்வியைப் பற்றிய தம் சிந்தனைகளை அம்மையார் வளர்த்தெடுத்தார். அதன் கனியாகிய ‘டு எஜுகேட் தி ஹியூமன் பொடென்ஷியல்’ என்னும் நூல் 1948-இல் சென்னைக் கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது.

அந்நூலின் மையக் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லின் இதுவே: ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு துறையை மட்டும் தேர்ந்து புகட்டாதீர், விண்ணும் மண்ணும் கடலும் உயிர்களும் மாந்தர் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்த முழுமையாக அவன்முன் விரியட்டும், விதைகளைப் பரவலாகத் தூவுங்கள், எது எப்போது முளைக்கும் என்பது பிள்ளையைப் பொறுத்தது. இதில் எந்தத் தொழிலுக்கும் எந்தப் பட்டத்துக்கும் உறுதிமொழி இல்லை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். விளம்பரங்கள் கூறும் உறுதிமொழியை அம்மையார் தரவில்லை.

ஒளிவிடத்தில் ஒரு மாணவி

அம்மையார் கொடைக்கானலில் இருந்த அதே ஆண்டுகளில், அவர் பெயரால் நடந்த பள்ளியொன்றின் மாணவி ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாணிக நிலையத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்தாள். ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் அறிவுரையைக் கொடைக்கானலிலும் அதன் விளைவை ஆம்ஸ்டர்டாமிலும் நாம் ஒருங்கே காண்கிறோம்.

1929-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த ஆன், நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஹாலந்துக்குக் குடிபெயர்ந்தவள். 1934 முதல் 1941 வரை ஆம்ஸ்டர்டாமின் ஆறாவது மாண்டிசோரிப் பள்ளியில் பயின்றாள். நாஜி ஆணையால் யூதப் பிள்ளைகள் பிற பள்ளிகளினின்று விலக்கப்பட்டபோது, யூத உயர்நிலைப் பள்ளிக்கு மாறினாள். பிரியும்போது தலைமை ஆசிரியையும் தானும் கண்ணீர் விட்டதை நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறாள்.

புதிய பள்ளியில் அவளுக்கு நேர்ந்த முதற்சிக்கலே சிந்தனைக்குரியது. மாண்டிசோரி வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், அருகிருப்போரோடு பேசலாம். உயர்நிலைப் பள்ளியிலோ கணக்காசிரியர் அவளது ஓயாப் பேச்சைப் பொறாமல், ‘வாயாடி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவரச் சொன்னார். பேசுவது தன் தாயிடமிருந்து வழிவழி வந்த குணம், ஆதலின் தீராது என்று வாதிட்டு எழுதினாள். தொடர்ந்து மேலும் இரு கட்டுரைகள் தண்டனையாக வந்தன. மூன்றாவதைத் தோழியின் உதவியோடு வேடிக்கைப் பாட்டாகவே கட்டிக் கொடுத்தாள். ஆசிரியர் சிரித்தார், அதன்பின் தண்டிக்கவில்லை. ஏவப்பட்ட வேலையையும் தன் வேலையாக மாற்றிக்கொள்ளும் இத்திறன் குறிப்பிடத்தக்கது. அதை ஏற்றுச் சிரித்த ஆசிரியரின் பெருந்தன்மையும் அத்தகையதே.

இனி அவளுடைய நாட்டங்களைக் காண்போம். 1944 ஏப்ரல் 6-ஆம் நாள் குறிப்பில் அவற்றை அவளே வரிசைப்படுத்துகிறாள். எழுத்து முதலாவது, ஆனால் அதைப் பொழுதுபோக்கு எனச் சொல்ல அவளுக்கு மனமில்லை. அடுத்து, அரச குடும்பங்களின் வமிசாவளிப் பட்டியல்கள், மூன்றாவது வரலாறு, பின்னர் கிரேக்க, உரோமைப் புராணங்கள், திரைப்பட நடிகர் படங்கள், நூல்கள், கலை வரலாறு. இறுதியில் ஓர் ஒப்புதலும் வருகிறது: அல்ஜீப்ராவும் ஜியோமிதியும் எண்கணக்கும் அவளுக்கு அறவே பிடிக்காது.

இவ்விடத்தில் விளம்பரக்காரர்கள் சற்றுத் தயங்க வேண்டும். மாண்டிசோரிச் சாதனங்களுள் பெரும்புகழ் பெற்றவை கணக்குக்குரிய பொன்மணிக் கோவைகள். பத்தும் நூறும் ஆயிரமும் கைக்குள் அடங்கும் பொருளாகி, பிள்ளை எண்ணைத் தொட்டறியும் என்பது அம்முறையின் பெருமிதங்களுள் ஒன்று. அப்பள்ளியில் ஏழாண்டு பயின்ற மாணவி கணக்கை வெறுத்தாள்! வழக்கமான பள்ளியில் பயின்ற அவள் அக்காள் மார்கோவோ படிப்பில் முன்னணியில் நின்றாள். ஆகவே, மாண்டிசோரிக் கல்வி இன்ன பாடத்தில் பற்றை விளைவிக்கும் என்று எவரேனும் கூறினால், ஆனின் நாட்குறிப்பு அதை மறுத்து நிற்கிறது.

தன் பிழையைத் தானே காணுதல்

அப்படியாயின், அப்பள்ளி அவளிடம் விட்டுச்சென்றது யாதொன்றும் இல்லையோ? எதைக் கற்றாள் என்பதை விடுத்து எவ்வாறு உழைத்தாள் என்று கேட்போமானால் விடை வேறாகும்.

1944 மே 11-ஆம் நாள் குறிப்பைப் பாருங்கள். கலிலியோவைப் பற்றிய நூலின் முதற்பகுதியை மறுநாளுக்குள் முடிக்க வேண்டும். நூலகத்துக்குத் திருப்பியாக வேண்டும். ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் வரலாற்றில் ஒரு பகுதி முடிந்தது; அதிலிருந்து எடுத்த குறிப்புகளையும் வமிசாவளிகளையும் ஒழுங்கு செய்ய வேண்டும். மூன்று பக்க அயற்சொற்களை எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். தனக்கு நேரமே இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறாள்! தெருவில் கால்வைத்து இரண்டாண்டு ஆகப்போகிறது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆயினும் வேலை நெருக்குகிறது. சான் லொரென்சோவில் உருளைகளோடு அமர்ந்திருந்த சிறுமியை நாம் மீண்டும் இங்கே காண்கிறோம் அல்லவா?

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. 1944 மார்ச் 28-ஆம் நாள், லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில், போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் பின்னர்த் திரட்டப்பட வேண்டும் என்று அமைச்சர் போல்கஸ்டைன் கூறினார். அதைக் கேட்ட ஆன், மே 20 முதல் தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் மீண்டும் எழுதத் தொடங்கினாள். ஏறத்தாழ பத்து வாரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் நிறைந்தன. 1986-இல் ஹாலந்தில் வெளிவந்த ஆய்வுப்பதிப்பு, முதற்படியையும் திருத்தப்படியையும் அருகருகே அச்சிட்டுக் காட்டுகிறது.

ஒரே செய்தி இரு படிகளில் வருவதை ஒப்பிட்டுப் பயின்றவர்களுக்கு இப்பதிப்பு பெருவிருந்து. பதின்மூன்று வயதில் தோன்றியவாறு எழுதியதைப் பதினைந்து வயதில் அவளே நீக்குகிறாள், சுருக்குகிறாள், இணைக்கிறாள். நாட்குறிப்பு எழுதுவதன் நோக்கத்தையும் தன் குடும்ப வரலாற்றையும் முகவுரைபோல் முன்வைக்கிறாள். தாயைப் பற்றிய கடுஞ்சொற்கள் பலவற்றைத் தணிக்கிறாள்; பீட்டர்மேல் கொண்ட காதலைப் பெரிதும் விலக்குகிறாள். இத்திருத்தங்களுக்கு ஆசிரியர் எவரும் சிவப்பு மையால் கோடிடவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஏப்ரல் 5-ஆம் நாள், தன் எழுத்துக்குத் தானே சிறந்த, கடுமையான விமரிசகர் என்று எழுதியவளும் அவளே. ஆறு வயதில் எஞ்சிய உருளை எஞ்சிய குழிக்குப் பொருந்தாமை கண்டு திருத்தப் பழகும் கை, பதினைந்தில் வாக்கியத்தைத் திருத்துகிறது என்று கருதுவதற்கு இடமுண்டு.

‘இடமுண்டு’ என்ற அளவிலேயே நிறுத்துகிறோம். ஏனெனில், மறுபக்கத்துச் சான்றுகளும் வலியவை. மாண்டிசோரிப் பள்ளியைக் காணாத மார்கோவும் அதே ஒளிவிடத்தில் அயராது படித்தாள். பாடம் சொல்லித் தரத் தந்தை ஒட்டோ இருந்தார். சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகங்களைச் சுமந்து வரும் அன்பர்கள் இருந்தனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தப் பள்ளியும் தரவியலாத பிறவிக்கொடை அவளிடம் இருந்தது. இவ்விழைகளுள் பள்ளியும் ஓர் இழை. அதைப் பிரித்தெடுத்து அளந்து காட்ட எவராலும் ஆகாது.

கொலம்பியச் சிற்றூரிலிருந்து

இரண்டாம் சாட்சி வேறு வகையினர். ஆன் எழுதியது நிகழும்போதே எழுதப்பட்டது. மார்க்வெஸ் தம் தன்வரலாற்றை 2002-இல், எழுபத்தைந்தாம் வயதில் வெளியிட்டார். முதுமையின் நினைவு தான் விரும்பியவாறு வண்ணம் தீட்டிக்கொள்ளும். அவ்வெச்சரிக்கையோடு அவர் கூற்றைக் கேட்போம்.

அரகாடாக்கா என்னும் சிற்றூரில் பிறந்த அவருக்கு வாசிக்கக் கற்பது பெரும்பாடாக இருந்ததாம். ‘எமே’ என்று பெயர்கொண்ட எழுத்தோடு ‘அ’ சேர்ந்தால் ‘எமேஅ’ என்றாகாமல் ‘ம’ என்றாவது ஏன் என்பது அச்சிறுவனுக்கு விளங்கவில்லை. மாண்டிசோரிப் பள்ளியில் ஆசிரியை எழுத்துகளின் பெயரை விடுத்து ஒலியைக் கற்பித்தார், முடிச்சு அவிழ்ந்தது. வீட்டுச் சரக்கறையின் தூசி படிந்த பெட்டியில் கிடந்த கிழிந்த புத்தகமொன்றை எடுத்து வாசித்தான். அதுவே ஆயிரத்தோர் இரவுகள் என்பது பின்னரே தெரிந்தது. உலகின் அழகுகளை உணரவும் வாழ்வின் மறைபொருள்களை ஆவலோடு நாடவும் பிள்ளைகளைப் பழக்குவதில் மாண்டிசோரியைவிடச் சிறந்த முறை இல்லை என்பது அவர் துணிபு.

தமிழ்ப் பிள்ளைக்கு இம்முடிச்சு நேர்வதில்லை. நம் நெடுங்கணக்கில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் ‘சி, ஏ, டி’ என்று கூட்டி ‘கேட்’ என்று படிக்கும் நம் பிள்ளை, அக்கொலம்பியச் சிறுவனின் திகைப்பையே அடைகிறது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அதன் ஒலியைச் சொல்லும் மாண்டிசோரிப் பயிற்சியின் பயன் இங்கு விளங்கும்.

மார்க்வெஸின் நூலில் நம் பெற்றோர் கருத்தூன்றி வாசிக்க வேண்டிய பகுதி மற்றொன்று. பெற்றோரின் எதிர்பார்ப்புக்கு இணங்கச் சட்டம் பயிலச் சென்ற அவர், படிப்பை நடுவில் கைவிட்டு எழுத்தை நாடினார். வீட்டை விற்கத் தன்னோடு வருமாறு தாய் வந்து அழைப்பதோடுதான் நூல் தொடங்குகிறது; அப்பயணத்தின்போது தந்தையின் மனவருத்தத்தையும் அவர் எடுத்துச் சொல்கிறார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார் என்பது பின்கதை. அன்று அத்தாய் கண்டது, பட்டத்தை விட்டெறிந்து, கிழிந்த செருப்போடு நின்ற மகனையே.

நம் மதிப்பீடு

2006-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இவ்விடத்தில் துணைபுரிகிறது. மில்வாக்கி நகரின் பொது மாண்டிசோரிப் பள்ளியொன்றில் சீட்டுக்குலுக்கலில் இடம் பெற்ற பிள்ளைகளையும் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் அது ஒப்பிட்டது. ஆதலின் பெற்றோரின் ஆர்வம் இருபுறமும் ஒத்திருந்தது. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முந்தியிருந்தனர். பன்னிரண்டு வயதில் பாடத்தேர்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் எழுதிய கட்டுரைகளில் கற்பனை வளமும் வாக்கிய அமைப்பின் முதிர்ச்சியும் மிகுந்திருந்தன. ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும் நம் இரு சாட்சியரும் எழுத்தாளராக இருப்பதை நோக்க, இம்முடிவு நம் கவனத்தை ஈர்க்கின்றது.

இவை அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால் நாம் துணிவது இது: மாண்டிசோரிக் கல்வி பிள்ளையின் நாட்டம் இன்னதென்று தீர்மானிப்பதில்லை. தன் நாட்டத்தைத் தானே கண்டறிந்து, எவரும் ஏவாதபோதும் அதில் நிலைத்து உழைக்கும் மனத்தைப் பழக்குகிறது. முதல் பழமொழியின் பக்கம் நிற்கும் கல்வி அது. இரண்டாவதை எதிர்பார்த்து அதை நாடுவோர் ஏமாறுவர்.

அம்மையார்மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. புதிய மனிதன், புதிய உலகம் என்றெல்லாம் அவர் நூல்களில் சில பக்கங்கள் அளவிறந்து ஆர்ப்பரிக்கின்றன. பிள்ளையைக் கெடுப்பவர் பெரியோரே என்று அடுத்தடுத்துச் சொல்லும் அப்பக்கங்கள், பிள்ளைக்குக் கதை சொன்ன பாட்டியையும் பாடம் சொன்ன தந்தையையும் போதிய அளவு நினைப்பதில்லை. மார்க்வெஸின் கதைகளுக்கு ஊற்று அவர் பாட்டியின் திண்ணையிலும் இருந்தது. ஆனின் படிப்புக்குத் துணை தந்தையின் மேசையிலும் இருந்தது. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த இக்கல்வி, இன்று பெருங்கட்டணம் செலுத்த வல்லோர்க்கே எட்டுவதாய் மாறியிருப்பதும் வருந்தத்தக்கது.

ஆயினும் பெருங்குறை நம்மிடமே உள்ளது. நான்கு வயதில், “உனக்குப் பிடித்ததை நீயே எடுத்துச் செய்” என்று பிள்ளையை மாண்டிசோரி வகுப்பில் விடுகிறோம். ஆறாம் வகுப்பிலேயே பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்புத் தேடுகிறோம். பதினாறு வயதில் அவன் வரலாறு படிக்க விரும்பினால், வீட்டில் இழவு விழுந்ததுபோல் அமர்கிறோம். தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தோம், தேர்ந்தெடுத்ததும் கையைத் தட்டிவிடுகிறோம். அப்பள்ளியின் பெயருக்கும் கட்டணத்துக்கும் ஒப்புகிறோம். விளைவுக்கு மட்டும் ஒப்புவதில்லை.

ஆனின் கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்டு 1-ஆம் நாளுக்குரியது. மூன்று நாளில் பிடிபட்டாள். 1945-இன் தொடக்கத்தில், பதினைந்து வயதில், பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டாள். அவளது சாவை எந்தக் கல்விக் கொள்கைக்கும் விளம்பரமாக்குதல் அறமாகாது. பட்டமும் பதவியும் ஊதியமுமே ஒரு பள்ளியின் பயனென்று கொண்டால், அவள் பயின்ற பள்ளிக்கு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தன் விருப்பத்தால் எழுதி, தன் கையால் திருத்தி, 29-3-1944-ஆம் நாள் குறிப்புவரை கொண்டுவந்து பாதியில் நின்றுபோன அத்தாள்கள் இருக்கின்றன. அடுத்த கல்வியாண்டில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஆலோசிக்கும் பெற்றோர், அந்நாட்குறிப்பை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நன்று. “பிள்ளை என்னவாக வருவான்?” என்று பள்ளியைக் கேட்குமுன், “அவன் தேர்வதை நாம் பொறுப்போமா?” என்று தம்மையே கேட்டுக்கொள்ள அது உதவும்.